பந்தியில் இன்னும் இரண்டு இலை போடுங்கள்

பின்லாந்து, சுவீடன், செக், சுவிஸ் ஐஸ் ஹொக்கிச் சம்மேளனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் சுவிஸில் வாழும் தமிழன். மகளைக் கூட்டிக்கொண்டு ஐஸ் அரங்குக்குப் போகத் தொடங்கியவன். இன்று அவளுக்கு வேலை இருந்தால் தனியாகவும் போகிறேன். நீங்கள் நால்வரும் சேர்ந்து நடத்தும் யூரோ ஹொக்கி டூர் பற்றி ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல்.

இதைத் தமிழில் வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1996-97 பருவத்தில் தொடங்கிய போட்டி இது. வழக்கமாக நவம்பரில் பின்லாந்தில் கர்யாலா கிண்ணம், டிசம்பரில் சுவிஸ், பெப்ரவரியில் சுவீடன், உலகச் சாம்பியன்ஷிப்புக்குச் சற்று முன்பு செக் என்று நான்கு சுற்றுப்போட்டிகள். ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று ஆட்டங்கள், பருவம் முழுவதற்கும் பன்னிரண்டு. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ஆடும் நட்சத்திரங்கள் குளிர்காலத்தில் இதற்கு வரமாட்டார்கள். ஐரோப்பிய லீக்குகளில் வாராவாரம் ஆடுகிறவர்கள்தான் தேசியச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

எனக்கு இந்தப் போட்டி பிடித்ததே அதனால்தான். 2019 உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், பெரிய பெயர்கள் இல்லாத பின்லாந்து அணி பிராட்டிஸ்லாவாவில் கனடாவை 3-1 என்று வென்றது. அதில் இரண்டு கோல் அணித்தலைவர் மார்கோ அன்டிலா அடித்தது. என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர் அவர். 2025இல் உலகச் சாம்பியன்ஷிப்பின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானவர் எங்கள் கோல் காப்பாளர் லெயொனார்டோ கெனோனி. அப்போது 37 வயது, அவரும் அந்த லீக்கில் ஆடியதில்லை. இப்படிப்பட்டவர்கள் உலகச் சாம்பியன்ஷிப் நடக்கும் மே மாதத்தில் திடீரென்று முளைப்பதில்லை. குளிர்காலத்தில் பலமான அணிகளோடு மோதி மோதித்தான் ஒரு தேசிய அணி ஓர் அணியாகிறது. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, அந்த வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

எங்கள் சுவிஸ் அணி 2013இல் உலக வெள்ளி வென்றது. 2018இல் மறுபடியும். அப்போதும் இந்தப் பந்தியில் எங்களுக்கு நிரந்தர இலை இல்லை. உக்ரேன்மீது படையெடுத்த ரஷ்யாவைச் சர்வதேசச் சம்மேளனம் 2022 பெப்ரவரி 28 அன்று விலக்கிய பிறகுதான், 2022-23 பருவத்தில் அந்த இடத்துக்கு நாங்கள் வந்தோம். ரஷ்யாவை விலக்கியது சரியான முடிவு. ஆனால் அப்படி ஒரு இலை காலியாகாமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் வாசலில்தான் நின்றிருப்போம் என்று நினைக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. உள்ளே வந்த பிறகு 2024இலும் 2025இலும் மீண்டும் வெள்ளி. அதற்கு இந்த டூர் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். உதவவில்லை என்று எங்கள் சம்மேளனமும் சொல்லாது.

இன்று வாசலில் நிற்பவர்களைப் பாருங்கள். 2018 ஒலிம்பிக்கில் ஜேர்மனி வெள்ளி வென்றது. 2022 ஒலிம்பிக்கில் ஸ்லோவாக்கியா வெண்கலம். 2023 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜேர்மனி வெள்ளி, லத்வியா வெண்கலம். சுவீடன் சம்மேளனத்தினர் மன்னிக்க வேண்டும், ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: 2018இல் காலிறுதியில் ஜேர்மனியிடமும், 2022இல் வெண்கல ஆட்டத்தில் ஸ்லோவாக்கியாவிடமும், 2023இல் காலிறுதியில் லத்வியாவிடமும் தோற்றது நீங்கள்தான். அழைக்காமல் விட்டவர்களே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

லத்வியாவின் அந்த வெண்கலத்தை நான் மறக்க மாட்டேன். பின்லாந்தின் தம்பெரேயில் அமெரிக்காவுக்கு எதிராகப் பின்தங்கியிருந்து, அவர்களின் வீரர் ருபின்ஸ் சமன்செய்து, மேலதிக நேரத்தில் அவரே வெற்றிக் கோலையும் அடித்து, 4-3. பத்தொன்பது இலட்சம் பேர்கூட இல்லாத நாடு. அன்றிரவே நள்ளிரவுவாக்கில் பாராளுமன்றம் கூடி மறுநாளைப் பொது விடுமுறையாக அறிவித்தது! இந்த விளையாட்டை இவ்வளவு நேசிக்கும் மக்கள் குளிர்காலத்தில் தங்கள் அணி சுவீடனோடும் பின்லாந்தோடும் ஆடுவதைப் பார்க்க மே வரை காத்திருக்க வேண்டுமா?

டென்மார்க்கின் கதை இன்னும் உறுத்துகிறது. 2025இல் ஹெர்னிங்கில், ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது அடித்த கோலால் கனடாவைக் காலிறுதியில் 2-1 என்று வீழ்த்தினார்கள். அடுத்த ஆட்டத்தில் எங்களிடம் 7-0. அன்று நான் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் ஐந்தாவது கோலுக்குப் பிறகு எழுந்து நின்று கைதட்ட மனம் வரவில்லை. ஒரு பெரிய ஆட்டத்தை வெல்ல உயிரைக் கொடுத்தால் போதும். அடுத்தடுத்து வெல்ல அந்த வேகம் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கான இடம் உங்கள் கையில் இருக்கிறது.

நவம்பரில் நீங்கள் பின்லாந்தில் கூடும் நாட்களில் ஜேர்மனி தன் டொய்ச்லாந்து கிண்ணத்தை நடத்துகிறது. ஸ்லோவாக்கியா, டென்மார்க், லத்வியா எல்லாம் அங்கே போய் ஆடியிருக்கின்றன. நல்ல போட்டிதான். ஆனால் அவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்கிறார்கள், நீங்கள் உங்களுக்குள் ஆடிக்கொள்கிறீர்கள்.

என் கோரிக்கை சிறியது. டிசம்பர் சுற்றில் மட்டும் இரண்டு அணிகளை விருந்தாளிகளாக அழையுங்கள். ஆறு அணிகளை மூன்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வோர் அணிக்கும் குழுவில் இரண்டு ஆட்டம், பிறகு இடத்தைத் தீர்மானிக்க ஒன்று. இப்போதுள்ள அதே மூன்று ஆட்டங்கள்தான். வீரர்களைக் கூடுதல் நாட்கள் விட வேண்டுமே என்று கழகங்கள் குறைசொல்ல இடமில்லை. மொத்தம் ஆறு ஆட்டத்துக்குப் பதில் ஒன்பது. இரண்டு அரங்குகள் தேவைப்படலாம். ஃபிரிபூரிலும் சூரிச்சிலும் அரங்குகள் இருக்கின்றன. நீங்கள் நால்வரும் அந்தச் சுற்றில் எல்லோரையும் சந்திக்க முடியாது என்பதால் புள்ளிப்பட்டியல் குழம்பும். அந்த ஒரு சுற்றைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டாலும் பரவாயில்லை.

இது புதுமையும் இல்லை. 2017 டிசம்பரில் மொஸ்கோவில் நடந்த சுற்றுக்குக் கனடாவும் தென்கொரியாவும் வந்தன. அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கை நடத்தவிருந்த கொரியாவுக்குப் பலமான எதிராளிகள் தேவைப்பட்டார்கள், இடம் கிடைத்தது. தென்கொரியாவுக்குக் கொடுக்க முடிந்ததை லத்வியாவுக்கும் கொடுக்கலாமே.

டிசம்பர் சுற்று எங்கள் நாட்டுக்குரியது. ஆகவே முதலில் சுவிஸ் சம்மேளனத்தையே கேட்கிறேன்: அடுத்த பருவத்தின் அட்டவணையை எழுதும் முன் லத்வியாவின் ரீகாவுக்கும் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனுக்கும் ஆளுக்கொரு அழைப்பு அனுப்புங்கள். வாசலில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் வந்தால், சுவிஸ் ஆடாத ஆட்டத்துக்கும் நானும் மகளும் டிக்கெட் எடுப்போம்.

அன்புடன்,
அரங்கின் மேல்வரிசையில் நிற்கும் ஒரு தமிழ் ரசிகன்