மீசைக்கு, டிசி விஷயமாக

அன்புள்ள மீசைக்கு,

நாலு மாதமாக உன் மிஸ்டு காலுக்கெல்லாம் பதிலே இல்லை என்று கொதித்துக்கொண்டிருப்பாய். இரு. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று, எனக்குச் சர்க்கரை 160இல் நிற்கிறது. குடும்பச் செய்தி அவ்வளவுதான். கடைசியில் ஒரு உதவி கேட்கப்போகிறேன், நேராக அங்கே தாவிவிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

நாலாம் வகுப்பில் காது கேட்காத பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்று பொங்கலுக்குச் சொன்னேன் அல்லவா, அவளுடைய அம்மா போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், பிரேயர் முடிவதற்குள் வந்து நின்றுகொண்டு, "டிசி வேணும் சார், பாளையங்கோட்டையில ஸ்வைன்சன் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன்" என்றாள். காது கேளாத பிள்ளைகளுக்கென்றே இருக்கிற பள்ளி அது. எனக்குச் சுருக்கென்றது. நான் அந்தப் பிள்ளைக்காக என்னவெல்லாம் செய்திருக்கிறேன் தெரியுமா என்ற நினைப்புதான் முதலில் வந்தது. ஒன்றாம் வகுப்பில் முகாமுக்கு நானே பைக்கில் கூட்டிப்போனேன். காது கேட்காது என்பதே அங்கேதான் உறுதியானது. காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் ஆபரேஷன் (உள்காதில் கருவி பொருத்துவது) செய்ய 6 வயதுக்குள் இருக்க வேண்டும், இவளுக்கு அது தாண்டிவிட்டது. சரி, காது மெஷினாவது கிடைத்ததே என்று அதற்கு பேட்டரி வாங்கிப் போடுவதே என் வேலையாகிப் போனது. பொத்தான் மாதிரி இருக்கும், முதுகில் ஒரு ஸ்டிக்கர், அதை உரித்துக் காற்றுப்பட ஒரு நிமிஷம் வைத்தால்தான் உயிர் வரும், இரண்டு வாரத்தில் செத்துவிடும். அவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்தேன். அதிகாரிகள் வந்தால் அவளைத்தான் முதலில் காட்டுவேன். உள்ளடங்கிய கல்விக்கு எங்கள் பள்ளிதான் உதாரணம் என்று மேலே இருந்து பாராட்டுகூட வந்தது, உனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன், நீ ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டாய்.

அதனால் அந்த அம்மாவிடம் சட்டம் பேசினேன். 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தாயிற்று, எல்லாப் பிள்ளைகளும் ஊர்ப் பள்ளியில் சேர்ந்துதான் படிக்க வேண்டும், ஹாஸ்டலில் கொண்டுபோய்ப் பிரித்து வைப்பதெல்லாம் பழைய காலம் என்றேன். அவள் பீடி சுற்றுகிறவள், விரல் நுனியெல்லாம் தூள் மஞ்சள். அந்தக் கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்: "எல்லாஞ் சரி சார். இங்க அவ யார்ட்ட பேசுதா?"

பதில் இல்லை என்னிடம். ஹெச்.எம். கையெழுத்து இரண்டு நாளாகும் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். பாடக்குறிப்பேட்டின் பின்பக்கம், அவளிடம் யாராவது ஏதாவது சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு. காலை மணி முதல் சாயங்கால மணி வரை 14 கோடு. வா, உட்காரு, எழுது, நோட்டை மூடு, சாப்பிடப் போ, மூக்கைத் துடை. பதினாலும் ஏவல். ஒரு கேள்விகூட இல்லை. ஒரு கதை, ஒரு கோள்மூட்டல், "அவளோடு டூ" எதுவும் இல்லை. முப்பது பிள்ளைகள் வாய் ஓயாமல் கத்தும் அறையில் அவள் மட்டும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், மூன்று வருஷமாக. நான் அதை அடக்கம் என்று எமிஸ் இணையப் பதிவேடு தவிர எல்லா இடத்திலும் பதிவு செய்திருக்கிறேன்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் "படம்" என்று சொல்லிப் பார். அப்புறம் "பணம்", அப்புறம் "மணம்", "மடம்". நாலும் ஒரே உதடு. (உனக்கு உதடே தெரியாது, அது வேறு விஷயம்.) நானோ பாதி நேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பேசுகிறேன், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் என் முதுகுதான். மெஷின் இருக்கிறதே என்பாய். அது என் குரலை மட்டுமா கூட்டுகிறது, ஃபேன், பெஞ்சு இழுக்கிற சத்தம், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காதில் கொட்டுகிறது.

அன்றைக்கு ராத்திரி சட்டத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன், அதுவரை படிக்காமலேதான் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். 31ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விருப்பப்பட்ட இடத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. அந்த அம்மா கேட்டதும் அதே சட்டம்தான். 17ஆம் பிரிவு அதைவிட மோசம், சைகை மொழியும் பிரெயிலும் தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு வைக்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள் சிறப்புப் பயிற்றுநர் வருவார், நல்ல மனுஷி, தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக ஸ்கூட்டியில் ஓடுகிறவர். 2021இல் சுப்ரீம் கோர்ட் தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று சொல்லியிருக்கிறது. அதை அவரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

ஐந்தாம் வகுப்பில் கால் வராத பையன் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்குச் சாய்தளம் கட்டினோம், கழிவறையில் கைப்பிடி வைத்தோம், அவ்வளவுதான், மீதியை அவன் வாயே பார்த்துக்கொள்ளும், ஊரை விற்றுவிடுவான். இரண்டு பேரையும் ஒரே பதிவேட்டில் எழுதி, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி செய்து முடித்துவிட்டதாக நினைத்ததுதான் என் மடத்தனம்.

இப்போது கற்றுக்கொள்கிறேன் மீசை. சிரிக்காதே. 2015இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கியிருக்கிறார்கள், அவர்களுடைய அகராதியில் 10,000 சொல் இருக்கிறது, எல்லாம் வீடியோவாக. தினம் எட்டுச் சொல் பார்த்துக்கொண்டு போய் மூன்றும் நாலும் சேர்ந்த வகுப்புக்கு நடத்துகிறேன். நம்ம தமிழ் மாதிரியே வினை கடைசியில் வருகிறது, "என்ன", "எங்கே" எல்லாமும் கடைசியில்தான். ஆமாவா இல்லையா என்று கேட்கும்போது புருவத்தைத் தூக்க வேண்டும், தூக்காவிட்டால் அது கேள்வியே இல்லை. எனக்குப் புருவம் தூக்கினால் வாயும் சேர்ந்து திறந்துகொள்கிறது, வகுப்பே உருண்டு சிரிக்கிறது. பிள்ளைகள் என்னைவிட நாலு மடங்கு வேகம். போன வாரம் கணக்குப் பரீட்சையில் மூன்று பேர் விரலாலேயே விடை கடத்தினார்கள், அதில் நடுவில் இருந்தவள் அவள். வாழ்க்கையில் முதல்முறையாகக் காப்பியடித்துப் பிடிபட்டிருக்கிறாள். முட்டி போட வைத்தேன், மூன்று பேரையும்தான். சந்தோஷமாகப் போட்டாள்.

இப்போது உன் தம்பி விஷயம்.

முனைஞ்சிப்பட்டியில் படிக்கும்போது எத்தனை சனி ஞாயிறு உங்கள் வீட்டில் கிடந்திருப்பேன்? உன் தம்பியோடு எத்தனை தடவை பேசியிருப்பேன்? யோசித்துப் பார்த்தால் சாப்பிட்டாயா, கிரிக்கெட் வருகிறாயா, இந்த இரண்டுதான். உங்கள் அப்பா "கையை ஆட்டாத, வாயால சொல்லு" என்று அவன் விரலைத் தட்டிவிடுவார், நாமும் பார்த்துக்கொண்டு சோறு தின்போம். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், பெரிய பெரிய வாத்தியார்களே அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். 1880இல் மிலான் நகரத்தில் மாநாடு கூட்டி, சைகை வேண்டாம், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சிதான் சரி என்று தீர்மானம் போட்டார்கள். கூடியவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்கிறவர்கள். அதற்கு வருத்தம் தெரிவித்தது எப்போது? 2010இல், வான்கூவரில். 130 வருஷம். அந்தக் கணக்கில் நானும் நீயும் பரவாயில்லை.

இன்னொன்று. அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கும்போதெல்லாம் காதுக்கு மேலே விரலை வைத்து அழுத்துவாள். காது கேட்கவில்லை என்கிறாள் என்று நினைத்து நான் ஓடிப்போய் பேட்டரி மாற்றுவேன், மெஷினைத் தட்டிப் பார்ப்பேன், கீச்சென்று கத்தும், அவள் முகத்தைச் சுளிப்பாள். ஒன்றரை வருஷம் இதே கூத்து. போன சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மடியில் முறத்தை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் இதைக் கேட்டேன். சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னாள், "அது நீங்கதான் சார். காதுல பேனா சொருகிக்கிட்டு அலையுதீங்கள்லா."

என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், மீசை. நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதுதான் உன் தம்பி மேலுதட்டில் விரலை இழுத்து உன்னைக் காட்டுவது ஞாபகம் வந்தது. உனக்கு அந்தப் பெயரை விடுதியில் நாங்கள்தான் வைத்தோம் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன் வீட்டுக்கு வந்து போன பிறகுதானே நாங்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தோம்?

டிசி எழுதி, தேதி மட்டும் போடாமல் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அந்த அம்மா, "பரீட்சை முடியட்டும், பாப்போம் சார்" என்கிறாள். போகாதே என்று இனிமேல் சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டையில் அவளுக்கு அவளைப் போலப் பேசுகிற நூறு பேர் கிடைப்பார்கள், இங்கே நானும் என் எட்டுச் சொல்லும்தான். அதே சமயம் ராத்திரி அம்மா பக்கத்தில் படுக்கிற ஒன்பது வயதுப் பிள்ளை அது. எனக்கு இரண்டும் புரிகிறது, அதனால் தூக்கம்தான் போகிறது.

அதனால்தான் கேட்கிறேன். தம்பிக்குப் பேட்டைக் கடையில் புதன்கிழமை வேலை குறைவு என்று முன்பு சொல்லியிருக்கிறாய். வாரம் ஒரு புதன் எங்கள் பள்ளிக்கு வருவானா? வீடியோவில் படித்த என் சைகை எவ்வளவு தப்பு என்று அவன் சொல்லட்டும், பிள்ளைகளோடு பேசட்டும், அவள் தன்னைப் போல வளர்ந்த ஒருவனை ஒரு தடவையாவது பார்க்கட்டும். பஸ் காசும் கூலியும் என் பொறுப்பு, ஓசியில் கூப்பிடவில்லை என்று தெளிவாகச் சொல். வீடியோ காலில் நானே கேட்டிருப்பேன், இத்தனை வருஷம் கழித்து அவன் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தையாக உதவி கேட்க வெட்கமாக இருக்கிறது. "எப்படி இருக்கிறாய்" மட்டும் பழகி வைத்திருக்கிறேன்.

நீயும் கூட வருவதானால் வா. மீசையைக் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டு வா, பிள்ளைகளுக்கு உதடு தெரிய வேண்டும்.

அன்புடன்,
காதோரப் பேனா