லண்டன் நைட் கிளப் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் பவுன்சர் (வாசலில் நிற்கும் காவலாள்) வாடிக்கையாளர் மேல் கை வைத்துவிட்டால் வழக்கமாக வரும் பதில்கள் இரண்டு. "அது வெளியே நடந்தது." "அவர் எங்கள் ஆளே இல்லை, செக்யூரிட்டி கம்பெனி அனுப்பியவர்." இரண்டுமே இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஏற்கெனவே தோற்றுப்போனவை.

தெற்கு லண்டன் ஃபிளமிங்கோஸ் கிளப்பை நினைவிருக்கிறதா? 1998 கோடையில் அங்கே லைசென்ஸ் இல்லாத பவுன்சர் ஒருவர் வந்தவர்களோடு கைகலப்பில் இறங்கி, அடிவாங்கி, வீட்டுக்கு ஓடினார். கத்தியோடு திரும்பி வந்து தெருவில் ஒருவரைக் குத்தினார். குத்துப்பட்டவருக்கு இரண்டு கால்களும் செயலிழந்தன. அது பவுன்சரின் சொந்தப் பழிவாங்கல், முதலாளிக்குப் பொறுப்பில்லை என்றது கீழ் நீதிமன்றம். 2003-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. முரடர் என்று தெரிந்தே, ஆட்களை மிரட்டுவதற்காக அவரை வேலைக்கு வைத்தவர் முதலாளி. கத்திக்குத்து உள்ளே தொடங்கிய சண்டையின் தொடர்ச்சி. வீட்டுக்குப் போய்வந்த இடைவெளிகூட முதலாளியைக் காப்பாற்றவில்லை.

இரண்டாவது பதில் சவுத்எண்ட் நகரத்து கிளப் ஒன்றின் வழக்கில் தோற்றது. 2000-இல் கம்பெனி அனுப்பிய பவுன்சர் விட்ட குத்தில் ஒருவருக்கு மூளையில் கடுமையான பாதிப்பு. ஆனால் அந்த பவுன்சருக்கு அன்றாடம் உத்தரவு போட்டது கிளப் நிர்வாகம்தான். எனவே பொறுப்பும் கிளப்புக்கே என்று 2006-இல் தீர்ப்பானது. சம்பளச் சீட்டை யார் கொடுத்தார் என்பதெல்லாம் அப்புறம்.

சரி, எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பா? இல்லை. லண்டன் மேஃபேர் பகுதி கிளப் ஒன்றில் விருந்தினர்களை இன்னொரு விருந்தினரின் ஆள் குத்திய வழக்கில், விருந்தினர்களைப் பாதுகாக்கும் கடமை கிளப்புக்கு உண்டு என்ற நீதிமன்றம், அந்த இரவில் அது மீறப்படவில்லை என்று 2011-இல் வழக்கைத் தள்ளியது. நியாயமான தீர்ப்புதான். ஆபத்து முன்கூட்டித் தெரிய வழியிருந்ததா என்பதே கேள்வி.

எங்கள் கோரிக்கை சிறியது. காயம்பட்டவர் வழக்குப் போட பொதுவாக 3 வருடம் அவகாசம் உண்டு. உங்கள் சிசிடிவி பதிவோ பல இடங்களில் 31 நாளில் அழிந்துவிடுகிறது. கிளப்புக்கு உரிமம் தரும் உள்ளூர் கவுன்சிலின் நிபந்தனையே பல இடங்களில் அவ்வளவுதான் கேட்கிறது. ஆஸ்பத்திரியில் கிடப்பவர் வக்கீலைப் பிடிப்பதற்குள் சாட்சி போய்விடும். அடிதடி நடந்த இரவின் பதிவையும் பவுன்சர்களின் பெயர்ப் பட்டியலையும் 3 வருடம் வைத்திருப்போம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தெற்கு லண்டனில் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தமிழர்