பொருள்: என் 1967 ஷெவர்லே கமாரோ காருக்கு வாங்கிய 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கருகியது, வாரண்ட்டி மறுக்கப்பட்டது

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிப் பேசி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கிறார், நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியிருக்கிறது.

வண்டியில் இருந்தது 327 கன அங்குல எஞ்சினும், இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு என்ற கியர்பெட்டியும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் இருக்க ஓவர்டிரைவ் என்ற கூடுதல் உயர் கியர் உள்ள பெட்டி தேடினேன். 200-4ஆர் என்ற பெட்டியே போதுமே, நீளமும் பழைய பெட்டியை ஒட்டி வருமே என்று கேட்டதே நான்தான். "700ஆர்4 எடுங்க சார், அப்படியே உட்காரும்" என்றார் உங்கள் விற்பனையாளர். உட்காரவில்லை. பெட்டியைத் தாங்கும் கிராஸ்மெம்பரைப் பின்னுக்குத் தள்ளி, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சுமார் 3 அங்குலம் வெட்ட வேண்டியதாயிற்று. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது அந்தக் கேபிள் விஷயம். பெட்டியோடு வந்த த்ராட்டில் வால்வ் கேபிளை என் கார்புரேட்டரில் மாட்ட பிராக்கெட்டே அனுப்பவில்லை. மெக்கானிக் வேலையை நிறுத்திவிட்டார். உங்கள் டெக்னிக்கல் பிரிவைக் கேட்டால், "அது கிக்டவுனுக்கு மட்டும்தான், அப்புறம் மாட்டிக்கலாம், வண்டியை ஓட்டுங்க" என்ற பதில். கிக்டவுன் என்றால் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்ததும் கீழ் கியருக்கு இறங்குவது. டர்போ 350 என்ற வேறு பெட்டிக்கு அது சரி. 700ஆர்4-இல் ஆக்சிலேட்டரின் மிதிக்கு ஏற்ப உள்ளே ஆயில் பிரஷரை ஏற்றுவதே அந்தக் கேபிள்தானே? பிரஷர் இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும், கருகும். விற்கிற உங்களுக்கே இது தெரியாதா?

அவர்கள் சொன்னபடி ஓட்டியதில் பெட்டி கருகியது. அதைக் கழற்றி, வேன் பிடித்து உங்கள் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுவந்தேன். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரும் சேர்ந்து வந்தால்தான் வாங்குவோம் என்று திருப்பி அனுப்பினார்கள். போனில் ஒருவராவது அதைச் சொல்லியிருக்கலாம். கவுன்ட்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "பழைய வண்டியை வச்சுக்கிட்டு ஏன் சார் எங்க உயிரை எடுக்கறீங்க?" என்றார். மெக்கானிக் பக்கத்திலேயே நிற்கிறார். பழைய வண்டிகளுக்குப் பெட்டி விற்றுத்தானே ஐயா உங்கள் வியாபாரமே நடக்கிறது?

கருகிய விவரத்தைச் சொல்ல விட்டுப்போயிற்று. மூன்றிலிருந்து நான்காவது கியருக்குப் போகும்போது எஞ்சின் சும்மா உறுமியது, வண்டி இழுக்கவில்லை. பெட்டியின் அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றினால் ஆயில் கறுத்து, தீய்ந்த நாற்றம், அடியில் கிளட்ச் தகட்டுத் தூள். இப்போது நீங்கள் எழுதுகிறீர்கள், கேபிள் மாட்டாமல் ஓட்டியதால் வாரண்ட்டி செல்லாதாம்! மாட்டாமல் ஓட்டச் சொன்னது யார்?

என் வண்டியே பாழாகிவிட்டது. ஷாஃப்ட் குட்டையாகிவிட்டதால் பவர்கிளைடையும் திரும்ப ஏற்ற முடியாது. வாழ்நாள் உழைப்பெல்லாம் ஷெட்டில் முடங்கிக் கிடக்கிறது.

தயவுசெய்து வேறு பெட்டி, அதற்குப் பொருந்தும் கன்வெர்ட்டர், என் கார்புரேட்டருக்கான பிராக்கெட், வேன் வாடகை, கழற்றி மாட்டும் கூலி எல்லாவற்றையும் 15 நாட்களுக்குள் தாருங்கள். இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன், மெக்கானிக்கும் சாட்சி சொல்ல வருவார். உங்கள் அழைப்புகள் பதிவாகின்றன என்று நீங்களே அறிவிக்கிறீர்களே, அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்