எடைச்சீட்டில் மனைவி பெயரும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏற்காட்டுக்குக் காபிப் பழம் பறிக்க ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் தங்குமிடம், தண்ணீர், கழிப்பறை என்றே பேசுகிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். இந்த மலையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் சொல்ல வருவது, பறித்த பழத்தை எடை போட்டுக் கூலிக்காக எழுதும் எடைச்சீட்டைப் பற்றி.

சாயங்காலம் எடை போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இடுப்புக் கூடையில் நாள் முழுக்கப் பறித்ததை மனைவி கொண்டுவந்து கணவரின் சாக்கிலேயே கொட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே எடை. கணக்குப்பிள்ளை நோட்டில் ஏறுவது கணவர் பெயர் மட்டும். கூலியும் அவர் கைக்கோ, கூட்டிவந்த மேஸ்திரி கைக்கோ போய்விடும். "கிலோவுக்கு இவ்வளவுன்னு பேசியாச்சு, யார் பேர்ல எழுதினா என்னம்மா?" என்று ஒரு கணக்குப்பிள்ளை என்னிடமே கேட்டார்.

என்னவா? பேறுகாலப் பலன் கேட்க, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாளாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும். செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கார்த்திகையில் பழம் பறிக்கத் தொடங்கி, அப்புறம் மிளகும் முடிய மாசி ஆகிவிடும். 80 நாள் தாராளமாக வரும். நோட்டைப் புரட்டினால் மனைவி பெயரில் ஒரு நாள்கூட இருக்காது. ஏழு மாத வயிற்றோடு சரிவில் நின்று பறித்த பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறேன். எங்கே வேலை என்று கேட்டால், "வேலை இல்லை, புருசன் கூட வந்தது" என்பார்கள். விரல் நுனியெல்லாம் காபிக் கறை!

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. தம்பதிக்கு ஒன்று போதும் என்று அதில் எங்கும் இல்லை.

சேலத்துத் தொழிலாளர் துறை அதிகாரிகள் பறிப்பு சீசனில், எடை போடும் நேரமாகப் பார்த்து மலையேறி வர வேண்டும். மனைவிக்குத் தனிச் சாக்கு, தனிச் சீட்டு, அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் கூலி. கேட்பது இவ்வளவுதான். இன்னொரு சீட்டுப் புத்தகம் வாங்க எந்த முதலாளிக்கும் கஷ்டம் இருக்காது. பேறுகாலச் செலவு தலையில் விழுமே என்றுதான் பெயரை எழுதாமல் விடுகிறார்கள் என்றால், அந்தத் தோட்டங்களில்தான் முதலில் சோதனை நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.