பெட்டைக்கோழிக்கு ஒரு முதுகுத் துணி

ஐயா,

உங்கள் வேளாண் பக்கத்தில் கோழித் தீவனம், தடுப்பூசி எல்லாம் வருகிறது, சேவல் மிதித்து மிதித்து முதுகில் இறகு கொட்டிப்போன பெட்டைகளைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டையாவது வேண்டும். எங்கள் வீட்டில் நாலுதான், அதிலும் சேவலுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, பாவம், அதன் முதுகு வெறும் தோலாகச் சிவந்து கிடந்தது. ரத்தம் கண்டால் மற்ற கோழிகளும் கொத்த ஆரம்பித்துவிடும்.

சரி, தையல் மெஷின் இருக்கிறதே, அதன் முதுகை மூட ஒரு துணி தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பழைய பருத்தி வேட்டியை இரண்டு மடிப்பாகப் போட்டு, கழுத்துப் பக்கம் குறுகலாகவும் வால் பக்கம் அகலமாகவும் வெட்டி, ஓரம் அடித்து, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எலாஸ்டிக் வளையம் வைத்தால் போதும். வளையத்துக்குள் விரல் தாராளமாக நுழைய வேண்டும், பிசிறு நூல் தொங்கினால் காலில் சுற்றிக்கொள்ளும். போட்டதும் கோழி கொஞ்ச நேரம் பின்னோக்கி நடக்கும், அப்புறம் மறந்துவிடும். நம் வெயிலுக்குக் கெட்டித் துணி வேண்டவே வேண்டாம். அடியில் பேன் சேரும், அடிக்கடி கழற்றிப் பார்த்துத் துவைக்க வேண்டும். புண் இருந்தால் ஆறிய பிறகுதான்.

கால்நடைத் துறையின் பயிற்சி முகாம்களில் இதையும் ஒரு அரை மணி நேரம் சொல்லித்தரலாமே?

ஒரு வாசகி,
நாமக்கல்