கூடலூர் பங்குச் சமூகநீதிக் குழு: 2025ஆம் ஆண்டறிக்கை

அன்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் பள்ளிவாசல் ஜமாஅத் பெரியவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு, முதியோர் உதவித்தொகை மனுக்கள், ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது ஆகியவை முந்தைய ஆண்டு போலவே நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஓய்வு பெறும் தொழிலாளருக்கு நிர்வாகம் தரவேண்டிய பணிக்கொடையை (கிராஜுவிட்டி) வாங்கிக்கொடுக்கும் வேலையையும், இஸ்லாமிய சகோதரர்களோடு நமக்கு ஏற்பட்ட நெருக்கத்தையும் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன். இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன.

நம் தாலுகாவில் ஒரு தனியார் தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள் பணிக்கொடைக்காக அலைவது எல்லோருக்கும் தெரியும். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இவர்களில் பல. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் கணக்குப் போட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்தாலும், 30 வருடம் கொழுந்து பறித்தவருக்கு 1,80,000 ரூபாய் வரவேண்டும். உழைத்துச் சம்பாதித்து நிர்வாகத்திடம் விட்டுவைத்த பணம் அது.

சிக்கல் சான்றுகளில்தான். ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் இன்னொரு பெயர். வேலைக்குச் சேர்ந்த வருடத்தைக் கேட்டால், "பெரியவ வயித்துல இருக்கிறப்போ சேர்ந்தேன்" என்பார்கள். ஆடி மழையில் பங்கு மண்டபத்தில் உட்கார்ந்து பழைய சம்பளச் சீட்டுகளைப் பிரித்தோம். பிஸ்கட் டப்பாவிலும் தலையணை உறையிலும் வைத்திருந்த சீட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பூத்திருந்தன. ஜமாஅத்தைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர் (கணக்கர்) ஒருவர் கைகொடுத்தார். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு எழுதியே காலம் கழித்தவர். சீட்டின் மூலையில் இருக்கும் எண்ணைப் பார்த்தே எந்த டிவிஷன், எந்த வருடம் என்று சொல்லிவிடுவார். "பாய், எங்க வீட்டுக்காரரு சீட்டும் இதுல இருக்கா பாருங்க" என்று இறந்துபோன கணவரின் சம்பளச் சீட்டுக் கட்டையும் ஓர் அம்மா நீட்டினார். இறந்தவரின் வாரிசுக்கும் பணிக்கொடை உண்டு என்பது அந்த அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. "அழாதீங்க தங்கச்சி, சீட்டு எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றபடியே ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

மனுக்கள் தொழிலாளர் துறைக்குப் போயின. சிலருக்குப் பணம் வந்துவிட்டது, மற்றவர்களுடையது விசாரணையில் இருக்கிறது. போக்குவரத்துக்கும் ஜெராக்ஸுக்கும் ஆன செலவை ஈஸ்டருக்கு முந்தைய நம் தவக்காலத்தின் உண்டியலும் ஜமாஅத்தின் சதக்கா என்னும் தர்ம நிதியும் பகிர்ந்துகொண்டன. மனு கொடுத்தவர்களில் கிறிஸ்தவர், இஸ்லாமியர், இந்துக்கள் என எல்லோரும் உண்டு.

இந்த நட்பு மார்ச் மாதமே தொடங்கியது. மார்ச் 2 அன்று ரமலான் நோன்பும், 5 அன்று திருநீற்றுப் புதனோடு நம் தவக்காலமும் தொடங்கின. பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. நம் இளைஞர்கள் ஒருநாள் மாலை போய், நோன்பு திறக்கும் நேரத்தில் பரிமாறிவிட்டு வந்தார்கள்.

ஏப்ரலில் ஒரு சோதனையும் வந்தது. இஸ்லாமிய அறக்கொடைச் சொத்துகள் பற்றிய வக்ஃப் திருத்தச் சட்டம் நிறைவேறிய நேரத்தில், மீனவக் குடும்பங்கள் வாழும் நிலத்தை வக்ஃப் சொத்து என்று கோரிய எர்ணாகுளம் மாவட்டத்து முனம்பம் பிரச்சினையை வைத்து வாட்ஸ்அப்பில் கண்டபடி செய்திகள் சுற்றின. கேரள எல்லையில் இருக்கும் நமக்கு அவை உடனே வந்துவிடுகின்றன. ஜமாஅத் பெரியவர்களோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினோம். முனம்பத்து மீனவக் குடும்பங்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்குக் கூடலூர்க் கடைத்தெருவில் இருக்கும் ஒரு பாய் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. சட்டத்தைப் பற்றி அவர்கள் கருத்து வேறு, நம்மில் சிலர் கருத்து வேறு. அப்படியேதான் எழுந்து வந்தோம். ஆனாலும் அதற்குப் பிறகு அந்த மாதிரிச் செய்திகளை நம் அன்பியங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் யாரும் பகிரவில்லை. ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தபோது, முதலில் வந்து துக்கம் விசாரித்தவர்கள் ஜமாஅத்தார்தான். 2019இல் அபுதாபியில் எகிப்தின் அல்-அஸ்ஹர் தலைமை இமாமுடன் அவர் கையெழுத்திட்ட மனித உடன்பிறப்பு ஆவணத்தை அவர்களே நினைவுகூர்ந்தார்கள்.

கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட 'நோஸ்த்ரா எத்தாத்தே' அறிக்கைக்கு அக்டோபர் 28 அன்று 60 ஆண்டு நிறைந்தது. அதையொட்டி நடந்த கூட்டத்தில் அதன் 3ஆம் பத்தியை வாசித்தோம். இஸ்லாமியரைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று தொடங்கி, பழைய பகைகளை மறந்து சமூகநீதிக்காகவும் அமைதிக்காகவும் இருவரும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்று முடிகிற பத்தி அது. மழையில் சீட்டுப் பிரித்த வேலைக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தேவைப்படவில்லை. இமாம் அவர்கள் குர்ஆனின் 19ஆம் அத்தியாயமான மர்யமிலிருந்து, பேரீச்ச மரத்தடியில் அன்னை மரியா பிரசவ வேதனைப்படும் பகுதியை ஓதிப் பொருள் சொன்னார். நம் பெண்கள் பலருக்கு அது முற்றிலும் புதிது. ஈசா நபியை, அதாவது இயேசுவை, இறைமகன் என்று தாங்கள் ஏற்பதில்லை, சிலுவைச் சாவையும் ஏற்பதில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். நம் பங்குத்தந்தையும் நம் விசுவாசத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். ஒளிவுமறைவில்லாத இந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்தது.

2026இல் செய்ய வேண்டியவை இரண்டு. நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், மனு எழுதும் தன்னார்வலர்களுக்கு உடனே பயிற்சி தேவை. அடுத்து, திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18 அன்று வருகிறது, ரமலானும் அதே வாரம் தொடங்கும். எனவே கூட்டுப் பணிகளை ஜமாஅத்தோடு இந்த மாதமே பேசி முடிக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுக்கலாம். இந்த அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலர்