போல்ட்ட பாக்காம காத்த அளக்காதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் டொர்னேடோ, அதான் மேகத்துலேர்ந்து தரை வரைக்கும் எறங்கி சுத்துற சுழல்காத்து, அத பத்தி நீங்க போட்ட கட்டுரைய டீக்கடைல நின்னுட்டே படிச்சு முடிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா ஒரு எடத்துல மட்டும் ஒத்துக்க முடியல. வீடு அடியோட போயிருந்தா காத்து மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேலன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. நான் சென்னைல கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கூரைக்கு ஷீட்டு போடுற வேல பாக்குறவன், அதான் எழுதறேன்.

டொர்னேடோவ தரம் பிரிக்க அமெரிக்காவுல 2007லேர்ந்து வச்சிருக்குற ஈஎஃப் ஸ்கேல்ல, ஒடஞ்சத பாத்து தான் காத்து வேகத்த கணக்கு போடுறாங்க. வீடு, ஸ்கூலு, மரம்னு 28 வகை. தரை மட்டும் மிச்சம் வச்சு வீடு மொத்தமா போயிருந்தா சாதாரணமா 200 மைல், அதாவது 322 கிலோமீட்டர். ஆனா கட்டுனவன் சொதப்பியிருந்தா அதையே 165 மைல், 265 கிலோமீட்டர் வரைக்கும் எறக்கிடுவாங்க. அதனால தரைக்கும் வீட்டோட மரச்சட்டத்துக்கும் நடுவுல போல்ட் இருந்துச்சா, அதுல நட்டும் வாஷரும் போட்டாங்களா, இல்ல வெறும் ஆணி தானான்னு குனிஞ்சு பாத்துட்டு தான் நம்பர் சொல்லுவாங்க.

இது எனக்கு 2016 டிசம்பர் 12, வர்தா அன்னிக்கே புரிஞ்சுது. அது டொர்னேடோ இல்ல, புயல் தான், தெரியும். மொதல்ல ஒரு பக்கமா அடிச்சுது, நடுவுல கப்சிப்னு ஆயிடுச்சு, அப்பறம் எதிர்ப்பக்கம் திரும்பி அடிச்சுது பாருங்க, அதுல தான் எங்க சந்துல பாதி ஷீட்டு பறந்துது. மறுநாள் ஏணி போட்டு ஏறுனா ஒரு வீட்ல ஷீட்ட புடிச்சு வைக்கிற ஜே போல்ட்டோட கொக்கி நிமிந்து குச்சி மாதிரி நிக்குது, பக்கத்து வீட்ல போல்ட் அப்டியே இருக்கு, ஷீட்டு ஓட்டை தான் கிழிஞ்சிருக்கு, மூணாவது வீட்ல போல்ட்டே கெடயாது, நாலு செங்கல்ல வச்சி சமாளிச்சிருக்காங்க. ஒரே காத்து, ஒரே சந்து சார். கணக்கெடுக்க வந்தவரு கீழயே நின்னு மூணுக்கும் ஒரே மாதிரி எழுதிட்டு போயிட்டாரு.

மரமும் அப்டித்தான். சுத்தி சிமென்ட் பூசி, வேர வெட்டுன மரம் சும்மா சாஞ்சிடும், அத வச்சி பெரிய காத்துன்னு சொல்ல முடியாது. பெரிய கெளைங்க ஒடஞ்சு, பட்டை உரிஞ்சு மொட்டையா நின்னா தான் சமாச்சாரமே வேற, அந்த ஸ்கேல்ல அதுக்கு 143 மைல், 230 கிலோமீட்டர் வச்சிருக்காங்க. 1971ல இதுக்கு முந்தின மொத ஸ்கேல் போட்ட விஞ்ஞானி ஃபுஜிட்டா கூட ஜப்பான்காரரு, நாகசாகில குண்டு போட்டப்பறம் போய் மரம் எந்தப்பக்கம் சாஞ்சிருக்குன்னு பாத்த ஆளு.

1997ல டெக்சாஸ் ஜாரெல்ல நடந்தத பத்தியும் ஒரு வரி சேத்திருக்கலாம். 27 பேரு செத்துப்போனாங்க, வீடும் போச்சு, புல்லும் பேந்துச்சு, தார் ரோடே உரிஞ்சு வந்துச்சு. ஆனா அந்த டொர்னேடோ ரொம்ப மெதுவா நகந்துச்சு, ஒரே எடத்த நிமிஷக்கணக்குல போட்டு அரைச்சுது, அதனால சேதத்துல வேகம் எவ்ளோ, நேரம் எவ்ளோன்னு பிரிக்கறது கஷ்டம்.

நிமிந்துபோன அந்த ஜே போல்ட் இன்னும் என் டூல்ஸ் பையில தான் கெடக்கு, போட்டோ எடுத்து இதோட அனுப்பிருக்கேன், எடம் இருந்தா போடுங்க.

இப்படிக்கு,
ஷீட்டு வேலைக்காரன், கொருக்குப்பேட்டை